பையை நாளைக்குக் கட்டலாம் என்று இருந்தேன்

புதன்கிழமை இரவு ஒன்றரை மணி. தூக்கத்தில் திரும்பிப் படுத்தபோது படுக்கை ஈரமாக இருந்தது. எனக்கு அப்போது 35 வாரம் 3 நாள். சிறுநீர் கசிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். எட்டாம் மாதத்திலிருந்தே தும்மினாலும் சிரித்தாலும் அப்படி ஆவது பழகிப்போயிருந்தது. எழுந்து உடை மாற்றி, ஒரு துண்டை விரித்து மறுபடி படுத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் துண்டும் நனைந்தது. அப்போதும் நான் யாரையும் கூப்பிடவில்லை. வலி எதுவும் இல்லை. கணவர் வேலைக்காக வெளியூர் போயிருந்தார், நள்ளிரவில் எழுப்பி அவரையும் பதற வைப்பானேன் என்று தோன்றியது. அம்மா 38-வது வாரம் வருவதாக டிக்கெட் எடுத்திருந்தார். ஆக, வீட்டில் நானும், அலமாரி நிறையக் குழந்தைச் சாமான்களும்தான். விடியும்வரை ஐந்து மணி நேரம் அப்படியே கிடந்தேன். அந்த ஐந்து மணி நேரத்தை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

ஏன் காத்திருந்தேன் என்றால், எனக்குத் தெரிந்த ஒரே விதி வலியைப் பற்றியது. 5 நிமிடத்துக்கு ஒரு முறை வலி வர வேண்டும், ஒவ்வொன்றும் 1 நிமிடம் நீடிக்க வேண்டும், 1 மணி நேரம் அப்படியே தொடர்ந்தால் மருத்துவமனைக்குக் கிளம்பலாம். இதை மனப்பாடம் செய்து, வலியின் இடைவெளியைக் கணக்கிடக் கைபேசியில் ஒரு செயலியையும் ஏற்றி வைத்திருந்தேன். வலியே வராமல் பனிக்குடம் முதலில் உடையலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த விதி, மாதம் நிறைந்து, பனிக்குடம் உடையாமல், வேறு சிக்கலும் இல்லாதவர்களுக்கானது. நீர் உடைந்துவிட்டால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே கூப்பிட வேண்டும். 37 வாரம் நிறையாதவர்கள் பேசிக்கொண்டே கிளம்ப வேண்டியதுதான். உறை உடைந்தபிறகு கிருமி உள்ளே ஏற வழி திறந்துவிடுகிறது, நேரம் ஆக ஆகத் தொற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. சினிமாவில் வருவதுபோல் குபுகுபுவென்று கொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு வந்தது சின்னக் கசிவு. எழுந்து நின்றால் கொஞ்சம் கூடும், படுத்தால் குறையும், அவ்வளவுதான். சிறுநீரை இறுக்கி அடக்கிப் பார்க்கலாம், இது அடங்காது. சந்தேகம் வந்தால் சுத்தமான நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டு நிறத்தையும் வாசனையையும் பாருங்கள், அதையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம் என்று அர்த்தம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று டாக்டர்மீது பழி போட ஆசைதான், முடியவில்லை. 28-வது வாரம் ஒரு தாள் கொடுத்திருந்தார். நான்காக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் போட்டவள், மருத்துவமனைக் கட்டிலில் கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அதை முதன்முதலாகப் படித்தேன். நீர்க்கசிவு, இரத்தப்போக்கு, காய்ச்சல், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது, விடாத தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, வலது விலா எலும்புக்குக் கீழே வலி. இதில் எது வந்தாலும் அந்த நேரமே கூப்பிடச் சொல்லியிருந்தது. கடைசி நான்கும் இரத்த அழுத்தம் ஏறுவதன் அறிகுறிகளாக இருக்கலாம், 140/90-ஐத் தொட்டாலே அவர்கள் உஷாராகிவிடுகிறார்கள். அசைவு விஷயத்தில் பலர் செய்யும் தவறு, 'காலையில் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுவது. கடைசி வாரங்களில் இடம் குறைந்துவிடுவதால் குழந்தை அசையாது என்று எனக்கும் ஒரு தோழி சொல்லியிருந்தாள். அது தவறு. அசையும் விதம் மாறலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது.

ஆறரை மணிக்கு ஒருவழியாகப் பக்கத்து வீட்டு அக்காவின் கதவைத் தட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்ததுமே கார் சாவியை எடுத்துவிட்டார். "பை எங்கே?" என்று கேட்டார். பை இல்லை. நாள்காட்டியில் 37-வது வாரத்துச் சனிக்கிழமைக்கு நேரே 'பை' என்று எழுதி வட்டம் போட்டிருந்தேன். கைக்குக் கிடைத்ததை ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் திணித்தேன். குழந்தையின் ஆறு சட்டைகள், பூப்போட்ட காலுறை, ஒரு தொப்பி. எனக்கென்று மாற்று உடை ஒன்றுகூட எடுக்கவில்லை. சார்ஜர் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இரவு முழுக்க விழித்துக் கிடந்தவள், அந்த நேரத்தில் ஒரு பையையாவது கட்டியிருக்கலாம் அல்லவா? பயம் வந்தால் என் மூளை இப்படித்தான் வேலை செய்கிறது, என்ன செய்ய.

ட்யூ டேட் என்ற அந்த ஒற்றைத் தேதிதான் என்னை இப்படி ஏமாற்றியது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்று கூட்டி எழுதும் கணக்கு அது. சரியாக அந்தத் தேதியில் பிறப்பது ஏறக்குறைய 20 குழந்தைகளில் ஒன்றுதான். உலகில் 10 குழந்தைகளில் 1 குழந்தை 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகிறது. நானோ ரயில் நேரம்போல அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, விடுப்பு, அம்மாவின் பயணம், பை, வீட்டைச் சுத்தம் செய்வது என எல்லாவற்றையும் கடைசி மூன்று வாரத்தில் அடுக்கி வைத்திருந்தேன். கடையில் வாங்கும் வேலையை மட்டும் ஆறாம் மாதமே முடித்துவிட்டேன். அதுதானே இன்பமான வேலை!

மருத்துவமனையில் அடுத்த அடி ஃபைலால் விழுந்தது. என் இரத்த வகை ஓ நெகட்டிவ். குழந்தைக்கு பாசிட்டிவ் வகையாக இருந்து அதன் இரத்தம் தாயின் உடலில் கலந்தால், தாயின் உடல் அதற்கு எதிரான பொருளை உண்டாக்கிக்கொள்ளும். அது அடுத்தடுத்த குழந்தைகளைப் பாதிக்கும் என்பதால், 28-வது வாரத்தை ஒட்டி ஆன்டி-டி என்ற ஊசி போடுவார்கள். எனக்கும் போட்டார்கள். ஆனால் அன்று என் வழக்கமான டாக்டர் விடுமுறை, வேறொரு கிளினிக்கில் போட்டுக்கொண்டேன். அந்தச் சீட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதாகப் பரிசோதனை காட்டியது. அது ஊசியால் வந்ததா, என் உடலே உண்டாக்கியதா என்று ஊசி போட்ட தேதி தெரியாமல் அவர்களால் முடிவு செய்ய முடியவில்லை. அக்கா அந்தக் கிளினிக்குக்குத் தொலைபேசியில் திரும்பத் திரும்ப அழைத்துப் பதிவைத் தேடி எடுக்க வைத்தார். அதற்குள் இரண்டு மணி நேரம் போயிருந்தது. இரத்தப் பரிசோதனைகள் முழுவதையும் மறுபடி எடுத்து, மறுபடி பணம் கட்டினோம். சில இடங்களில் 36, 37-வது வாரத்தில் பிறப்புறுப்பில் ஒரு வகைக் கிருமி இருக்கிறதா என்று மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். எனக்கு அந்த வாரமே வரவில்லையே. அதனால் முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக்கை நரம்பு வழியே ஏற்றினார்கள்.

இந்த ஃபைல் சமாச்சாரத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கடைசி ஸ்கேன் மேலே, இரத்த வகைச் சீட்டு அதன்கீழ், போட்ட ஊசிகளும் அவற்றின் தேதிகளும் தனித்தாளில், ஒவ்வாமை ஏதும் இருந்தால் அதைப் பெரிய எழுத்தில். வேறெங்கு ஊசி போட்டாலும் ஸ்கேன் எடுத்தாலும் அன்றே சீட்டை அதில் சேர்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் படம் எடுத்து உங்கள் கைபேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள். என் கைபேசி அன்று பத்து மணிக்கே அணைந்துபோனது.

வலி மதியம் தானாகவே தொடங்கியது, இரவு எட்டு மணிக்குள் மகள் பிறந்துவிட்டாள். இடைப்பட்ட நேரத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எல்லோருக்கும் வலிப்பதுபோல எனக்கும் வலித்தது. ஒப்புதல் படிவங்களில் நானே கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் கணவராக இருக்குமோ என்று பார்த்தேன். அவர் வந்து சேர நள்ளிரவு ஆகிவிட்டது. பாவம், தகவல் கிடைத்ததும் கிடைத்த வண்டியில் ஏறி வந்தவர்தான். ஆனால் அவரைப் பார்த்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். இரவு ஒன்றரை மணிக்கே நான் கூப்பிட்டிருந்தால் அவர் பிரசவத்துக்கு முன்பே வந்திருப்பார் என்பது புரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கூடவே இருக்க முடியாத வேலையில் கணவர் இருந்தால், முதலில் யாரைக் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார், நள்ளிரவில் வண்டிக்கு என்ன வழி, வீட்டுச் சாவி யாரிடம் என்பதை 34-வது வாரத்துக்குள் பேசி முடிவு செய்துவிடுங்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் 'எந்த நேரமானாலும் கூப்பிடுவேன்' என்று முன்பே சொல்லிவிட்டால், அந்த நேரத்தில் கூச்சம் குறுக்கே வராது. தொந்தரவு செய்கிறோமோ என்ற கூச்சம்தான் எனக்கு ஐந்து மணி நேரத்தைத் தின்றது.

மகள் 2.2 கிலோ. பார்க்க முழுக் குழந்தைபோலவே இருந்தாள், கை கால் எல்லாம் லட்சணமாக. அதனால் உடனே கையில் தந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் மார்பில் போட்டுவிட்டு, பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். 34 முதல் 36 வாரத்துக்குள் பிறக்கும் குழந்தைகள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பால் குடிக்கச் சோம்புவார்கள், பாதியில் தூங்கிவிடுவார்கள், உடல் சூடு தங்காது, இரத்தத்தில் சர்க்கரை இறங்கும், மஞ்சள் காமாலையும் சற்று அதிகம் வரும். என் மகளுக்கு இதில் மூன்று வந்தன. சர்க்கரை பார்க்கக் குதிகாலில் குத்திக் குத்தி அந்தச் சின்னப் பாதம் சிவந்திருந்தது. மூன்றாம் நாள் மஞ்சள் ஏறி, கண்ணைக் கட்டி நீல விளக்குக்குக் கீழே கிடத்தினார்கள். இரண்டாம் நாளே எனக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள், அவளுக்கு ஏழாம் நாள்தான். குழந்தை இல்லாமல் லிஃப்டில் இறங்கி வந்தேனே, அதற்கு மட்டும் எந்தப் பட்டியலும் என்னைத் தயார்செய்திருக்க முடியாது.

அந்த நாட்களில் நான் செய்யக்கூடியதாக இருந்தது பால் ஒன்றுதான். அதிலும் தடுமாறினேன். விலை உயர்ந்த பிரெஸ்ட் பம்ப் ஒன்றை மாதங்களுக்கு முன்பே வாங்கி வைத்திருந்தேன். அக்கா அதை வீட்டிலிருந்து கொண்டுவந்தார். பெட்டியைப் பிரித்தால் பாகங்களை முதலில் கொதிநீரில் சுத்தப்படுத்த வேண்டும், எப்படிப் பொருத்துவது என்றும் தெரியவில்லை, மார்பில் வைக்கும் புனலின் அளவும் எனக்குப் பொருந்தவில்லை. நர்ஸ் ஒருவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு, கையால் பீய்ச்சச் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் வந்தது அரை ஸ்பூன்கூட இருக்காது. "இவ்வளவுதானா?" என்று அழுதேன். "முதல் நாளில் ஒரு வேளைக்குச் சில மில்லி சீம்பால் போதும்மா, அவ வயிறும் அவ்வளவுதான்" என்றார். அந்தக் கெட்டியான துளிகளுக்குக் கையால் பீய்ச்சுவதுதான் சரி, பம்பின் குழாயிலேயே பாதி ஒட்டிக்கொள்ளும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. குழந்தை தானாகக் குடிக்காத வரையில், இரவையும் சேர்த்து நாளுக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டும். அப்போதுதான் உடல் பாலைத் தொடர்ந்து சுரக்கும். கையால் எடுக்கும் முறையைக் கர்ப்பத்தின் கடைசியில் டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் செய்து பார்ப்பது அவர்கள் சரி என்று சொன்னபிறகு. பம்பைப் பிறகு, தேவைப்பட்டால், அளவு பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

அதே நர்ஸ்தான் மகளை வெறும் டயப்பரோடு என் மார்பில் தோலோடு தோலாகப் படுக்க வைத்து மேலே போர்வை போர்த்திவிட்டார். 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் டாக்டர்கள் தொடங்கிய முறையாம், கங்காரு பராமரிப்பு என்று பெயர். இல்லாமையிலிருந்து பிறந்த வைத்தியம். ஒரு மணி நேரத்தில் அவள் உடல் சூடு நிலைப்பட்டது. எனக்கும் முதன்முறையாக மூச்சு சீராக வந்ததுபோல் இருந்தது. அலமாரியில் கிடந்த எந்தச் சாமானும் அதற்குத் தேவைப்படவில்லை.

அந்தச் சாமான்களின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கூட்டிப் பார்த்தபோது என் ஒன்றரை மாதச் சம்பளம். அதில் பாதிக்குமேல் வீண். திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்தால், ஆறாம் மாதம் வாங்கியதற்கெல்லாம் திருப்பும் காலம் எப்போதோ முடிந்திருந்தது. தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தை, குட்டித் தலையணை, பட்டுப்போன்ற கனமான போர்வை மூன்றும் ஒரே செட்டாக, கொள்ளை அழகு. வீட்டுக்கு அனுப்பும்போது குழந்தை டாக்டர் முதலில் சொன்னதே, ஒரு வயதுவரை மல்லாக்கப் படுக்க வையுங்கள், படுக்கை அமுங்காமல் கெட்டியாக இருக்கட்டும், தலையணையோ மெத்தென்ற எதுவுமோ தொட்டிலில் இருக்கக் கூடாது, மூச்சடைக்கும் என்பதுதான். மூன்றும் பரணுக்குப் போயின. முகப் பவுடர், வாசனை சோப்பு, காலணி, ஈரத்துணியைச் சூடாக்கும் கருவி ஆகியவையும் அப்படியே. ஓயாமல் பயன்பட்டவை என்றால் மென்மையான பருத்தித் துணிச் சதுரங்கள், வெப்பமானி, டயப்பர், ஒரு வாளி. வெப்பமானியை மறந்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காட்டினால், வீட்டு மருந்து கொடுத்துப் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

எனக்கென்று எதையுமே வாங்கவில்லை என்பது பிரசவம் முடிந்து ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. பிரசவத்துக்குப் பிறகு வரும் இரத்தப்போக்கு நான்கிலிருந்து ஆறு வாரம்வரை நீளலாம், முதல் சில நாட்களுக்குச் சாதாரண நாப்கின் தாங்காது. பெரியது வேண்டும், அதைத் தாங்கும் தளர்ந்த உள்ளாடையும் வேண்டும். ஒரே மணி நேரத்தில் ஒன்று முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டியாக விழுந்தாலோ உடனே சொல்ல வேண்டும். முன்பக்கம் திறக்கும் இரண்டு உடை, வழுக்காத செருப்பு, உதட்டுக்கு ஏதாவது களிம்பு, நீளமான வயருள்ள சார்ஜர். என் பையில் இவற்றில் ஒன்றும் இல்லை, பூப்போட்ட காலுறை மட்டும் இருந்தது. தையல் போட்ட இடத்தில் முதல் தடவை சிறுநீர் பட்டபோது எரிந்த எரிச்சலுக்கு உயிரே போய்விட்டது. வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே போகச் சொன்னார் நர்ஸ். சின்ன உபாயம்தான், கடவுள் புண்ணியம்.

நான்காம் நாளிலிருந்து காரணமே இல்லாமல் அழுகை. கணவர் கதவை மெதுவாகச் சாத்தினால்கூட அழுகை. குழந்தையை முன்கூட்டியே பெற்றுவிட்டேன், நான் ஏதோ தவறு செய்திருக்கிறேன் என்று ஒரு எண்ணம் உள்ளே அரித்தது. ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதால் முதல் வாரத்தில் பலருக்கும் இப்படி வரும், இரண்டு வாரத்துக்குள் தானே வடியும் என்று டாக்டர் சொன்னார். வடியாவிட்டால், அல்லது குழந்தையையோ உங்களையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால், காத்திருக்காமல் அவரிடம் சொல்ல வேண்டும் என்றார். எனக்குப் பன்னிரண்டாம் நாள் வாக்கில் தெளிந்தது. இதைக் கணவருக்கும் அம்மாவுக்கும் முன்பே சொல்லி வையுங்கள், ஏனென்றால் அழுகிறவளுக்குத் தனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது.

இப்போது யாராவது ஏழாம் மாதம் என்று சொன்னால் நான் கேட்பது பையையும் ஃபைலையும்தான். 34-வது வாரம் முடிவதற்குள் பை வாசல் பக்கம் வந்துவிட வேண்டும், பாதி நிறைந்திருந்தாலும் பரவாயில்லை. காப்பீடு இருந்தால் எந்த எண்ணுக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், குழந்தையை அதில் சேர்க்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு ஃபைலின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். நாங்கள் அதில் ஒரு நாள் பிந்தியதால் கொஞ்சம் பணத்தைக் கையிலிருந்து கட்டினோம். அலுவலகப் பொறுப்புகளையும் 34-வது வாரமே ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் சிறப்புப் பிரிவு வாசலில் உட்கார்ந்து மின்னஞ்சல் கடவுச்சொல் சொல்லிக்கொண்டிருந்தேன். குழந்தைச் சட்டை என்றால் நாலைந்து போதும், மற்றதை அவள் வந்தபிறகு அவள் அளவுக்கு வாங்கலாம்.

நான் வாங்கியவை இருபத்து நான்கு. எல்லாமே மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும் குழந்தைக்கான அளவு. மருத்துவமனையில் அவளுக்கு அவர்கள் கொடுத்த பழைய, துவைத்துத் துவைத்து மெலிந்த சட்டைதான் பொருந்தியது. ஏழாவது வாரத்தில் என் சட்டைகள் அவளுக்குச் சரியாக நின்றன. பதினோராவது வாரத்தில் கை ஏறவில்லை. எட்டோ ஒன்பதோ இன்னும் விலைச் சீட்டோடு இருக்கின்றன.